கோட்டுக்கு வாக்களிக்கும் புள்ளிகள்: கணினிக் கண்ணும் நமது அரபுத்தமிழ்ப் பக்கங்களும்

அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்றின் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பிவிட்டு, "இதைக் கணினியிலே போட்டு வாசிப்பிக்க ஏலாதா?" என்று கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். தமிழ் படிப்பிக்கிறவன் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் அலுமாரிக்குள் கிடக்கும் கிதாபுகளைக் கறையான் தின்கிறது. அவற்றைத் தடங்கலில்லாமல் வாசிக்கக்கூடிய மூத்தவர்களும் ஒவ்வொருவராக மவுத்தாகிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு "ஏலும்" என்றோ "ஏலாது" என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்வதைவிட, கணினி ஒரு பக்கத்தை எப்படிப் பார்க்கிறது என்று விளக்குவது பயன் தரும் என நினைக்கிறேன். எழுத்தை வாசிப்பதற்கு முன்னால் அது கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். வளைவைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலை நடக்கும் விதம் விளங்கினால், அதை எந்த இடத்தில் நம்பலாம், எந்த இடத்தில் நம்பக்கூடாது, நமது பங்கு என்ன என்பவையும் விளங்கிவிடும்.

காண்பதும் ஊகிப்பதும்

பஸராவில் கி.பி. 965 அளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம், தமது 'கிதாபுல் மனாஸிர்' என்ற ஒளியியல் நூலில், கண்ணால் அறியப்படும் பண்புகள் என 22 விடயங்களைப் பட்டியலிடுகிறார். ஒளி, நிறம், தூரம், உருவம், அளவு, அசைவு, அழகு என்று அந்தப் பட்டியல் போகிறது. அவற்றுள் ஒளியையும் நிறத்தையும் மட்டுமே புலன் நேரடியாக உணர்கிறது என்பதும், உருவம் போன்ற மற்றவற்றை மனம் ஒப்பிட்டும் ஊகித்தும் அறிகிறது என்பதும் அவருடைய கருத்து. நாம் பழகிவிட்டதால் அந்த ஊகம் நடப்பதே நமக்குத் தெரிவதில்லை.

இப்னுல் ஹைதம் கணினிப் பார்வையைக் கண்டுபிடித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அவருக்கும் பெருமை சேர்க்காது, நமக்கும் உதவாது. ஆனால் கணினியின் நிலைமையை விளங்கிக்கொள்ள அவர் செய்த அந்தப் பிரிப்பு மிகவும் உதவுகிறது. கணினிக்குக் கிடைப்பது ஒளியின் அளவு மட்டும்தான். கோடு என்பதை அது கணக்குப் போட்டுத்தான் அடைய வேண்டும்.

இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் இடம்

கணினிக்குப் படம் என்பது எண்கள் நிரம்பிய ஒரு சதுரக்கட்டத் தாள். ஒவ்வொரு சிறு கட்டமும் ஒரு பிக்சல். கறுப்பு வெள்ளைப் படத்தில் முழு இருட்டு 0, முழு வெளிச்சம் 255. 5 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் கொண்ட பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் எடுத்தால், 1500 பெருக்கல் 2400, அதாவது 36 இலட்சம் எண்கள் வரும். எழுத்தும் இல்லை, வரியும் இல்லை, எண்கள்தான்.

அந்த எண்களில் ஒரு கிடைவரிசையை எடுத்துக்கொள்வோம்: 212, 210, 211, 64, 60, 62, 209. அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தைப் பாருங்கள்: 2, 1, 147, 4, 2, 147. இரண்டு இடங்களில் எண் சடாரென்று மாறுகிறது. முதலாவது இடத்தில் தாள் முடிந்து மை தொடங்குகிறது. இரண்டாவது இடத்தில் மை முடிந்து தாள் தொடங்குகிறது. இப்படிப்பட்ட இடங்களை விளிம்பு என்பார்கள். படம் முழுவதும் கிடையாகவும் நிலையாகவும் வித்தியாசம் கண்டு, பெரிய வித்தியாசங்களை மட்டும் குறித்துக்கொண்டால் விளிம்புப் புள்ளிகளின் கூட்டம் ஒன்று கிடைக்கும்.

'பெரிய' வித்தியாசம் என்றால் எவ்வளவு? இதற்கு 1986இல் ஜோன் கெனி வெளியிட்ட முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. முதலில் படத்தைச் சற்று மங்கலாக்கி, தாளின் சொரசொரப்பைத் தணிப்பார்கள். பிறகு இரண்டு எல்லைப் பெறுமானங்களை வைப்பார்கள். மேல் எல்லையைத் தாண்டிய புள்ளி நிச்சயமான விளிம்பு. கீழ் எல்லைக்கும் கீழே கிடப்பது தள்ளுபடி. இரண்டுக்கும் நடுவில் நிற்பது சந்தேகமானது. நிச்சயமான விளிம்பு ஒன்றோடு தொடர்ந்து வந்தால் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்வார்கள். மங்கிப்போன மைக்கோடு நடுவில் அறுந்துபோகாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் தனியே நிற்கும் மங்கலான ஒரு சிறு புள்ளிக்குப் பக்கத்தில் துணை யாரும் இல்லையே! அது தள்ளுபடியாகிவிடும். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குமிழிகளின் தடம்

விளிம்புப் புள்ளிகள் கிடைத்துவிட்டன. இவற்றில் எவை ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன? இந்தக் கேள்விக்கு நல்ல விடை முதலில் பிறந்தது அணுத்துகள் ஆய்விலே. 1952இல் டொனால்ட் கிளேசர் குமிழி அறை என்ற கருவியை உருவாக்கினார். அதற்காக 1960இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சூடாக்கிய திரவத்தினூடாக மின்னேற்றமுள்ள துகள் பாயும்போது, போன வழியெல்லாம் நுண்ணிய குமிழிகள் தோன்றும். அதைப் படமெடுத்துத் துகளின் பாதையை ஆராய்வார்கள். படங்கள் குவிந்துகொண்டே போயின. பயிற்சி பெற்ற ஆட்கள், அவர்களில் கூடுதலானோர் பெண்கள், திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகக் கண்ணால் பார்த்துத் தடங்களைக் குறித்தார்கள்.

இந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்க வழி தேடியவர் அமெரிக்கப் பௌதிகவியலாளர் போல் ஹஃப். 1959இல் ஜெனீவாவில் நடந்த மாநாடு ஒன்றில் தமது முறையை முன்வைத்தார். 1962 டிசம்பரில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த முறை இன்று 'ஹஃப் உருமாற்றம்' எனப்படுகிறது. பெயர் பயமுறுத்தினாலும் விடயம் ஒரு வாக்கெடுப்புத்தான்.

வாக்கெடுப்பு நடக்கும் விதம்

சாதாரண தரக் கணிதத்தில் நேர்கோட்டின் சமன்பாடு எல்லோரும் படித்தது: நிலை ஆள்கூறு = படித்திறன் × கிடை ஆள்கூறு + வெட்டுத்துண்டு. ஒரு கோட்டை முழுதாகச் சொல்லப் படித்திறன், வெட்டுத்துண்டு என்ற இரண்டு எண்களே போதும்.

புள்ளிகளைச் சோடி சோடியாக இணைத்துப் பார்த்தால் என்ன? ஆயிரம் புள்ளிகள் இருந்தால் கிட்டத்தட்ட ஐந்து இலட்சம் சோடிகள் வரும். ஒவ்வொரு சோடியின் கோட்டிலும் வேறு யார் இருக்கிறார்கள் என்று மற்றப் புள்ளிகளையெல்லாம் திரும்பவும் தேட வேண்டும். ஹஃப் கேள்வியைப் புரட்டிப் போட்டார். ஒவ்வொரு புள்ளியிடமும் போய், "உன் வழியாகப் போகக்கூடிய கோடுகள் எவை?" என்று கேட்டார்.

(1, 3) என்ற புள்ளியை எடுப்போம். படித்திறன் 0 என்றால் வெட்டுத்துண்டு 3 ஆக வேண்டும். படித்திறன் 1 என்றால் 2. படித்திறன் 2 என்றால் 1. படித்திறன் 3 என்றால் 0. இந்த நான்கு கோடுகளுக்கும் அந்தப் புள்ளி ஆளுக்கொரு வாக்குப் போடுகிறது. அடுத்தது (2, 5). அதே நான்கு படித்திறன்களுக்கும் அதன் வெட்டுத்துண்டுகள் முறையே 5, 3, 1, -1. மூன்றாவது (3, 7). அதற்கு 7, 4, 1, -2. இனி வாக்குகளை எண்ணுங்கள். படித்திறன் 2, வெட்டுத்துண்டு 1 என்ற வேட்பாளருக்கு மூன்று வாக்குகள். மற்ற எல்லோருக்கும் ஒவ்வொன்றுதான். மூன்று புள்ளிகளும் அந்தக் கோட்டில்தான் இருக்கின்றன.

இப்போது (2, 2) என்ற அழுக்குப் புள்ளி ஒன்றையும் சேர்ப்போம். அது போடும் வாக்குகள் 2, 0, -2, -4 என்று தனித்தனியே சிதறிப் போகும். யாருடைய வாக்கோடும் சேராது. வென்ற கோடு அசையவில்லை. கோட்டின் நடுவில் இரண்டு மூன்று புள்ளிகள் அழிந்துபோனாலும் வாக்கு கொஞ்சம் குறையுமே தவிர, கோடு தோற்காது. பூச்சி அரித்த தாளுக்கு இது எவ்வளவு பொருத்தமான குணம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நிமிர்ந்து நிற்கும் அலிபு

இந்த முறையில் ஒரு குறை இருந்தது. கோடு நிமிர நிமிரப் படித்திறன் ஏறிக்கொண்டே போகும். நேர் நிலைக்குத்தாக நின்றால் அதற்குப் படித்திறனே இல்லை. முடிவிலிக்கு வாக்குப் பெட்டி வைக்க முடியுமா? அரபு எழுத்தைப் பாருங்கள்: அலிபும் லாமும் நிமிர்ந்து நிற்பவை. பக்கத்தைச் சுற்றிக் கட்டிய சட்டத்தின் இரு ஓரங்களும் அப்படியே. நமக்கு மிகவும் வேண்டிய கோடுகளில்தான் இந்த முறை தடுமாறும்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு 1972இல் வெளிவந்த ஒரு சிறு கட்டுரையில் இருக்கிறது. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் டூடா, பீட்டர் ஹார்ட் இருவரும் எழுதியது. படங்களில் கோடுகளையும் வளைவுகளையும் கண்டறிய ஹஃப் உருமாற்றத்தைப் பயன்படுத்துவது பற்றிய கட்டுரை அது. படித்திறனையும் வெட்டுத்துண்டையும் அவர்கள் கைவிட்டார்கள். உற்பத்தியிலிருந்து கோட்டுக்கு ஒரு செங்குத்து வரையுங்கள். அந்தச் செங்குத்தின் நீளம் ஒன்று, அது சாய்ந்திருக்கும் கோணம் மற்றது. இந்த இரண்டு எண்களாலும் எந்தக் கோட்டையும் சொல்லிவிடலாம். நிமிர்ந்து நிற்கும் கோட்டுக்குக் கோணம் 0 பாகை, நீளம் கோடு நிற்கும் தூரம். முடிவிலி எங்கேயும் வராது. கோணத்தை ஒவ்வொரு பாகையாகப் பிரித்தால் 180 பெட்டிகள் போதும். இன்றைய கணினிப் பார்வைப் பாடநூல்களில் ஹஃப் உருமாற்றம் என்ற பெயரில் படிப்பிக்கப்படுவது பெரும்பாலும் இந்த வடிவம்தான்.

வட்டமும் வளைவும்

கோட்டுக்கு இரண்டு எண்கள். வட்டத்துக்கு மூன்று: மையத்தின் இரண்டு ஆள்கூறுகளும் ஆரையும். வாக்கெடுப்பு அதேதான். ஆரை முன்கூட்டியே தெரிந்தால் வேலை இன்னும் இலகு. ஒவ்வொரு விளிம்புப் புள்ளியும் தன்னைச் சுற்றி அந்த ஆரையில் ஒரு வட்டம் வரைந்து, "மையம் இதில் எங்கேயோ இருக்கிறது" என்று வாக்களிக்கும். அந்த வட்டங்கள் எல்லாம் ஒன்றையொன்று வெட்டும் இடம் மையம். வகுப்பிலே கவராயமும் தாளும் கொடுத்து மாணவர்களைச் செய்யச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

நீள்வளையத்துக்கு ஐந்து எண்கள் வேண்டும். இங்கே செலவு ஏறுகிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் 100 பெட்டி என்று வைத்தால், கோட்டுக்குப் பத்தாயிரம் பெட்டிகள். வட்டத்துக்குப் பத்து இலட்சம். நீள்வளையத்துக்கு ஆயிரம் கோடி. பெட்டி கூடக் கூட ஒவ்வொன்றிலும் விழும் வாக்குகள் குறைந்து, வென்றவர் யார் என்பதே மங்கிவிடும்.

சரி, நூன் என்ற எழுத்தின் கிண்ணத்துக்கு என்ன சமன்பாடு? ஹேயின் முடிச்சுக்கு? கையால் எழுதிய வளைவுகள் எந்தச் சமன்பாட்டுக்கும் அடங்குவதில்லை. 1981இல் டானா பாலர்ட் இதற்கும் வழி சொன்னார். வடிவத்தின் மாதிரி ஒன்றைக் கையில் எடுத்து, அதற்குள் ஒரு நடுப்புள்ளியைத் தீர்மானித்து, "விளிம்பு இந்தத் திசையில் போனால் நடுப்புள்ளி இவ்வளவு தூரத்தில், இந்தப் பக்கத்தில் இருக்கும்" என்று ஓர் அட்டவணை தயாரிப்பது. பிறகு புதிய படத்தின் விளிம்புகள் அந்த அட்டவணையைப் பார்த்து வாக்களிக்கும். சமன்பாடு தேவையில்லை, மாதிரி வேண்டும். அந்த மாதிரியை எடுத்துக் கொடுக்க, "இதுதான் நூன்" என்று தெரிந்த ஒரு மனிதர் வேண்டும்.

நமது பக்கத்துக்கு வருவோம்

அரபு எழுத்தில் பே, தே, ஸே, நூன், யே ஐந்தும் சொல்லின் நடுவில் வரும்போது ஒரே மாதிரியான ஒரு சிறு பல்லாகத்தான் இருக்கும். கீழே ஒரு புள்ளி இருந்தால் பே, மேலே இரண்டு இருந்தால் தே, மூன்று இருந்தால் ஸே, மேலே ஒன்று என்றால் நூன், கீழே இரண்டு என்றால் யே. எழுத்தைப் பிரித்துக் காட்டுவது புள்ளியும் அது நிற்கும் இடமும் மாத்திரமே. அரபுத்தமிழில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுகிறது. ப, ட, ண, ள, ழ போன்ற தமிழ் ஒலிகள் அரபில் இல்லை. நமது முன்னோர் அரபு எழுத்தின் உடலை வைத்துக்கொண்டு, புள்ளிகளைக் கூட்டியும் மாற்றியும் அவற்றுக்கு எழுத்து ஆக்கினார்கள். எகர, ஒகர ஒலிகளுக்கும் தனிக் குறிகள் வைத்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'மகானி' போன்ற மார்க்கச் சட்ட நூல்கள் இந்த எழுத்திலேதான் எழுதப்பட்டன. தொழுகையும் நோன்பும் கொடுக்கல் வாங்கலும் பல தலைமுறைகளுக்கு இந்தப் புள்ளிகள் வழியாகவே போய்ச் சேர்ந்தன.

புள்ளி போனால் என்ன ஆகும் என்பது தமிழ் படித்தவர்களுக்குப் புதிய கதை அல்ல. ஓலையிலே புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏட்டில் எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒன்றாகிப் போயின. எரியா, ஏரியா என்று இடம் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. வீரமாமுனிவர் வந்து எழுத்தின் உருவத்தையே மாற்ற வேண்டி வந்தது. பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். இன்று அதே இழப்பை ஒரு மென்பொருள் ஒரு நொடியில் செய்துவிடும்.

எப்படி என்றால், பழைய பக்கங்களைச் சுத்தம் செய்ய மென்பொருள்களில் 'சிறு பொட்டுகளை நீக்கு' என்று ஒரு வசதி இருக்கும். மை தெறித்ததும் பூச்சி துளைத்ததும் போய்ப் பக்கம் பளிச்சென்று ஆகிவிடும். கூடவே புள்ளிகளும் போய்விடும். முன்னே சொன்ன கெனியின் முறையும் தனியே நிற்கும் மங்கலான புள்ளியைத் தள்ளிவிடக்கூடியது. கணினியைப் பொறுத்தவரை பூச்சித் துளையும் பேயின் புள்ளியும் இருண்ட இரண்டு சிறு பொட்டுகள். இரண்டையும் பிரிக்க மொழி தெரிய வேண்டும்.

கோடு இங்கேதான் மார்க்கப் பிரதியின் பொருளோடு சம்பந்தப்படுகிறது. இரண்டு வரிகளுக்கு நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அது மேல்வரியின் கீழ்ப்புள்ளியா, கீழ்வரியின் மேற்புள்ளியா? மேல்வரிக்குச் சொந்தம் என்றால் அங்கே பே ஆகும். கீழ்வரிக்குக் கொடுத்தால் அங்கே நூன் ஆகும். எழுத்துகள் அமர்ந்திருக்கும் அடிக்கோட்டைச் சரியாகக் கண்டுபிடித்தால்தான் இந்த வழக்குத் தீரும். அச்சுக்கோத்த பக்கத்தில் அடிக்கோடு நேராக இருக்கும்; வாக்கெடுப்பு நன்றாக வேலை செய்யும். பக்கம் இரண்டு பாகை சரிந்திருந்தாலும், சட்டத்தின் ஓரக்கோடுகளுக்கு விழும் வாக்கைக் கொண்டு சரிவை அறிந்து நிமிர்த்திவிடலாம். ஆனால் நமது கிதாபுகளில் பல கல்லச்சில் வந்தவை. காதிப் ஒருவர் கையால் எழுதியதை அப்படியே கல்லில் ஏற்றி அச்சடித்தவை. வரி இடம் பார்த்து ஏறும், இறங்கும். ஓரத்திலே சரிவாகக் குறிப்புகள் இருக்கும். தைத்த முதுகுப்பக்கம் மேடு தட்டுவதால் படத்தில் வரி வளைந்தும் விழும். வளைந்த வரியின் வாக்குகள் பல பெட்டிகளில் சிதறும். போதாக்குறைக்கு, எழுத்துக்கு மேலே வரிசையாக நிற்கும் ஃபத்ஹாக் கீறல்களும் சேர்ந்து ஒரு பொய்க்கோட்டுக்கு வாக்களித்துவிடும். பக்கத்தை நெடுக்காகச் சிறு கீலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குட்டைக் கோடுகளைக் கண்டு, பிறகு தொடுத்து வளைவாக்குவது இதற்கு ஒரு வழி.

இன்றைய செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் தானே பழகிக்கொள்ளாதா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். பழகும். ஆனால் பக்கத்தின் படமும் அதன் சரியான எழுத்துப்பெயர்ப்பும் சோடியாக நிறையக் கிடைத்தால்தான் பழகும். அரபுக்கென்று பழக்கிய மென்பொருளிடம் அரபுத்தமிழைக் கொடுத்தால், அரபில் இல்லாத எழுத்தை அதற்குத் தெரிந்த அரபு எழுத்தாகவே வாசித்துவைக்கும். தடுமாறியதாக அடையாளமும் காட்டாது. சட்டம் சொல்லும் நூலில் இப்படிப் பிழை நுழைந்தால் அதைப் பின்னால் வருகிறவன் யாரிடம் கேட்டுத் திருத்துவான்?

இப்போதே செய்யக்கூடியவை

கிதாபைப் படமெடுப்பவர்கள் பக்கத்துக்கு நேர் மேலே கருவியை வைத்து, நிறப்படமாக, அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். அரை மில்லிமீற்றர் அகலமான புள்ளி ஒன்று அந்த அளவில் ஏறத்தாழ ஆறு பிக்சல் அகலம் வரும். 75 புள்ளி அளவில் ஒன்றரை பிக்சல்தான். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். முதலில் எடுத்த படத்தைச் சுத்தம் செய்யாமல் அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்வதையெல்லாம் மற்றப் பிரதியில் செய்யலாம்.

அதைவிட அவசரமானது எழுத்துப்பெயர்ப்பு. வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரும், தட்டச்சுத் தெரிந்த ஒரு மாணவனும் அல்லது மாணவியும் பக்கத்தில் உட்கார்ந்து, வரிக்கு வரியாக, எங்கே வரி முடிகிறதோ அங்கேயே முடித்து எழுத வேண்டும். அழிந்த இடத்தை ஊகித்து நிரப்பாமல் 'இங்கே அழிந்திருக்கிறது' என்று குறிக்க வேண்டும். சந்தேகமான புள்ளிக்குப் பக்கத்தில் சந்தேகம் என்றே எழுத வேண்டும். ஓதப்பள்ளியில் அரபுத்தமிழ் படித்த உம்மம்மாமார் பல வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். ஆலிம்கள் மட்டும்தான் இதற்குத் தகுதி என்று எண்ண வேண்டாம். ஒரு பாடசாலைத் தமிழ் மன்றமும் ஊர் மத்ரஸாவும் சேர்ந்தால் ஒரு தவணைக்குள் ஒரு சிறு கிதாபை முடிக்கலாம்.

மென்பொருள் எழுதும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நாளை இன்னும் நல்ல முறைகள் வரும். எந்த முறை வந்தாலும் அதன் முன்னால் வைப்பதற்குச் சரிபார்த்த பக்கங்கள் நம் கையில் இருக்க வேண்டும். அவற்றைச் சரிபார்த்துத் தரக்கூடியவர்கள் இன்று நம்மோடு இருக்கிறார்கள். வரும் தவணை விடுமுறையில் உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து ஒரு கிதாபை எடுங்கள். அதை வாசிக்கக்கூடியவர் உங்கள் தெருவில் யார் என்று விசாரித்துப் பாருங்கள்.